தர்ம வைத்தியமாம்! யார் வீட்டுப் பணம்?

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை "தர்ம ஆஸ்பத்திரிக்கா போகிறாய்?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் நம் பண்ருட்டியில் இன்னும் இருக்கிறார்கள். தோழர்களே! தர்மம் செய்தது யார்? முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண் வாங்குகிற சோப்புக் கட்டிக்கும் வரி வாங்கப்படுகிறது. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் டாக்டருக்குச் சம்பளம். தன் பணத்தில் வைத்தியம் செய்துகொள்கிறவள் பிச்சைக்காரியாவது எப்படி?

இப்போது கையில் காப்பீட்டு அட்டை. 2009 முதல் மாநில சர்க்கார் திட்டம், 2018 முதல் மத்திய சர்க்கார் திட்டம். இருதய ஆபரேஷனுக்கு அது உதவுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்குத் தினமும் வேண்டிய மாத்திரையை மருந்துக்கடையில் அந்த அட்டை வாங்கித் தருமா? தராது. கால் அழுகும்வரை காத்திருந்து, பிறகு காலை வெட்டுவதற்குப் பணம் கொடுப்பது எந்த ஊர்ப் புத்தி?

அதே மாத்திரையை சர்க்கார் ஆஸ்பத்திரி காசில்லாமல் கொடுக்கிறதே, எப்படி? 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவதால்தான். பலாப்பழத்தை மண்டியில் வாங்குவதற்கும் பஸ் ஸ்டாண்டில் சுளையாக வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

பணமில்லை என்பார்கள். யுத்தத்தில் கடன்பட்டுக் கிடந்த இங்கிலாந்து 1948இல் வரிப் பணத்தைக் கொண்டே பொது வைத்தியத்தை ஆரம்பிக்கவில்லையா? 2025க்குள் நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 2.5 பங்கு செலவிடுவதாக மத்திய சர்க்கார் 2017இல் தன் கைப்படவே எழுதியது. 2021-22இல் மத்திய, மாநில சர்க்கார்கள் சேர்ந்து செலவிட்டதோ 1.84தான். ஓட்டுக் கேட்டு வருகிறவர் அட்டையைக் காட்டினால், பாக்கி எங்கே என்று கேளுங்கள்.