எழுத்து அழிஞ்சா குமிழைத் தூக்கிப் போடாதீங்க

பழைய கார் வாங்கிப் புதுப்பிக்கிற நகரத்து நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் கால மோரிஸ் மைனர் டேஷ்போர்டில் சோக், ஸ்டார்ட்டர் ரெண்டுக்கும் இழுக்கிற குமிழ்தான். 'சி', 'எஸ்' என்ற எழுத்துதான் அடையாளம். அது மங்கிப்போய், புது ஆள் ஓடுற இன்ஜினில் சோக்குன்னு நினைச்சு ஸ்டார்ட்டரை இழுத்தா, பல் கரகரன்னு உரசும்.

அதுக்காகப் புதுக் குமிழ் தேட வேண்டாம். குழிச்சு வெட்டின எழுத்துன்னா, போனது பெயிண்ட் மட்டும்தான். பள்ளம் அப்படியே இருக்கும். சோப்புத் தண்ணி, பழைய பல் பிரஷ் வச்சு அழுக்கை எடுங்க. நல்லாக் காய்ஞ்சதும் வெள்ளை எனாமல் பெயிண்டைப் பல்குச்சியால் நிரப்புங்க. கொஞ்சம் இறுகினதும், அட்டையில் இழுத்துச் சுத்தின துணியால் மேலாகத் துடைங்க. விரலில் துணி சுத்தினா பள்ளத்துப் பெயிண்டும் வந்துடும். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் கெட்டுப்போகும். மேலே அச்சடிச்ச எழுத்துக்கு இந்த வழி ஆகாது.

புதுசு பளபளக்கும், சரி. பல வருஷம் கை பட்ட வழவழப்பு கடையில் கிடைக்குமா? பிடி உடைஞ்சா நாங்க பிடியைத்தான் மாத்துவோம்; மண்வெட்டியை வீச மாட்டோம்.