பழைய பில்லைப் பாருங்க, முதலாளி

கோவையில் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் உள்ள லேத் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் முதலாளிகள் கேட்பது, "இந்த மாசம் பில்லிங் எவ்வளவுங்க?" என்பதைத்தான். வசூல் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் குறைவு. ஆர்டர் இல்லாமல் மூடிய பட்டறைகளைவிட, கை நிறைய ஆர்டரை வைத்துக்கொண்டு சம்பளம் போடக் காசில்லாமல் தவித்த பட்டறைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாதம் 10 லட்சத்துக்குச் சரக்கு அனுப்புகிறீர்கள், பணம் 90 நாளில் வருகிறது என்றால், எந்நேரமும் 30 லட்சம் வெளியில் நிற்கிறது. அத்தனையையும் 12 சதவீத ஓவர்டிராஃப்டில் ஓட்டினால் மாத வட்டி 30,000 ரூபாய். பீஸுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னால் மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் முதலாளி, இந்த முப்பதாயிரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. போதாததற்கு ஜிஎஸ்டி. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர், பணம் வந்தாலும் வராவிட்டாலும், போட்ட பில்லுக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

பணம் நிற்பதெல்லாம் கம்பெனிக்காரரின் கெட்ட எண்ணத்தால் அல்ல. பில்லில் பிஓ எண் விட்டுப்போயிருக்கும். சலானில் ஸ்டோர்ஸ் கையெழுத்து இருக்காது. சரக்கு வந்து சேர்ந்ததற்கான ஜிஆர்என் போடாமலே கிடக்கும். 60ஆம் நாள் போன் செய்யும்போதுதான் இது தெரியவரும். அன்றிலிருந்து புதிதாக நாள் எண்ணுவார்கள். சரக்கு போன பத்தாம் நாளே அக்கவுன்ட்ஸில் பேசி, "பில் பாஸ் ஆயிடுச்சுங்களா?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் பணம் கேட்கவில்லையே, கூச்சம் எதற்கு? பர்ச்சேஸ் மேனேஜரிடம் கேட்டுப் பயனில்லை. ஆர்டர் கொடுப்பவர் அவர். பணம் போடுகிறவர் வேறு.

எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று டேலியே காட்டும். ஆனால் வந்த பணத்தை அந்தந்த பில்லுக்கு நேராக வரவு வைக்காமல் 'ஆன் அக்கவுன்ட்' என்று போட்டுவிட்டால் அந்தப் பட்டியல் பொய் சொல்லும். (நேரமில்லை என்று அப்படிப் போடுகிறவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். உங்கள் கணக்கரைக் கேட்டுப் பாருங்கள்.) திங்கட்கிழமை காலையில் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். 45 நாள் தாண்டிய பில்களுக்கு முதலாளியே பேச வேண்டும். கணக்கெழுதுகிற பெண் கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்பவர்கள், முதலாளி குரலுக்குத் தேதி சொல்வார்கள்.

சட்டமும் நம் பக்கம்தான். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் என்ன தவணை போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. 2023 நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். இதற்கெல்லாம் உத்யம் பதிவு வேண்டும். செலவில்லாத வேலை, அந்த எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். இந்த வருமான வரி விதி வந்த பிறகு, பதிவை ரத்து செய்துவிட்டு வரச் சொன்ன கம்பெனிகளும் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பாக்கி தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்தான். கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முக்கால்வாசி வேலையை ஒரே கம்பெனிக்குச் செய்கிறவரால் எப்படித் துணிய முடியும்? இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடுவதும் வசூல் வேலைதான்.

ஆனால் புகார் சொல்லும் பாரத்தைச் சின்னவர் தலையில் வைத்ததுதான் இந்தச் சட்டத்தின் ஓட்டை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், யாருக்கு எவ்வளவு, ஏன் தாமதம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசுக்குப் படிவம் கொடுக்கின்றன. 2019இலிருந்தே நடக்கிறது இது. பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அரசு, பட்டறைக்காரர் வந்து புகார் எழுதட்டும் என்று எதற்குக் காத்திருக்க வேண்டும்?