பிளாஸ்மாவைப் புதைத்தது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எஞ்சினியர் இல்லை. சாத்தூர்ப் பக்கத்துக்காரன், படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில். ஆனாலும் டிவி விஷயத்தில் ஊரே ஒன்று சொல்ல நான் வேறொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்திருந்தார். இங்கே கராச்சர்மாவில் முப்பது வருஷமாக இருக்கிறார், காண்ட்ராக்ட் வேலை. எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் 42 இன்ச் பிளாஸ்மாவைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பேங்க் ஆபீசர் வீட்ல இன்னமும் பிளாஸ்மாவா? கேஸ் தீர்ந்து போகுமே! எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, எல்.இ.டி.ய மாத்திட்டு இப்ப க்யூ.எல்.இ.டி. வாங்கியாச்சு" என்றார். பழைய எல்.இ.டி. என்ன ஆச்சு என்று கேட்டேன். "நல்லாத்தான் ஓடிச்சு. பழசாச்சுல்ல."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணாச்சி மேல் கோபம் இல்லை. அவர் வாயில் இதை ஏற்றிவிட்டவர்கள் மேல்தான்.

இந்த கேஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிளாஸ்மா என்றால் ஏசி மாதிரி, அப்பப்ப கேஸ் அடிக்கணும் என்று சொல்லாத கடைக்காரர் அந்தக் காலத்தில் இல்லை. சுத்தப் புளுகு. இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வொன்றிலும் துளியூண்டு நியான், செனான் வாயு. தொழிற்சாலையிலேயே அடைத்துச் சீல் வைத்துவிடுவார்கள். மின்சாரம் பாய்ந்தால் வாயுவிலிருந்து புறஊதாக் கதிர் வரும், அது அறைச்சுவரில் பூசியிருக்கும் பாஸ்பரில் பட்டு சிவப்போ பச்சையோ நீலமோ ஒளிரும். நம் வீட்டு டியூப்லைட்டின் தத்துவம்தான். உங்கள் டியூப்லைட்டுக்கு எந்த வருஷம் கேஸ் அடித்தீர்கள்? பின்னாளில் வந்த பேனல்களுக்கு பானாசோனிக் சொன்ன கணக்கு, வெளிச்சம் பாதியாகக் குறைய 1,00,000 மணி நேரம். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் 45 வருஷம். அதற்குள் நான் ரிட்டயர் ஆகி, என் பையனும் ரிட்டயர் ஆகியிருப்பான் :-)

எல்.சி.டி. அப்படியில்லை. அதில் புள்ளிகள் தானாக ஒளிர்வதே கிடையாது. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும். முன்னால் திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். கறுப்பு காட்டவேண்டும் என்றால் கதவைச் சாத்தும். எந்தக் கதவு முழுசாகச் சாத்தியிருக்கிறது? இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். அதனால்தான் ராத்திரி காட்சியில் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் முகமெல்லாம் வெளுக்கும். வேகமாகப் பந்து போனால் வால் இழுக்கும். பிளாஸ்மாவில் அறையை அணைத்தால் அனேகமாக இருட்டுத்தான்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். எல்.சி.டி.யின் பின்னால் இருந்த மெல்லிய குழல் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்தார்கள். நல்ல மாற்றம்தான், பெட்டி ஒல்லியானது, கரண்ட் குறைந்தது. ஆனால் 2009 வாக்கில் அதற்கு "எல்.இ.டி. டிவி" என்று தனிச் சாதியாகவே பெயர் வைத்துவிட்டார்கள். அதே வருஷம் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சாம்சங்கின் விளம்பரத்தைக் கண்டித்தது. விளக்கு மட்டும்தான் எல்.இ.டி., திரை எல்.சி.டி.தான் என்பது தெளிவாக இல்லை என்று. நம் ஊரில் யார் கேட்டார்கள்? பிளாஸ்மா, எல்.சி.டி., எல்.இ.டி. என்று மூன்று படி ஏணி மாதிரி ஷோரூமில் வரிசை கட்டினார்கள். க்யூ.எல்.இ.டி. என்பதும் எல்.சி.டி.தான், நடுவில் நிறத்தை மெருகேற்றும் ஒரு படலம், அவ்வளவே. அண்ணாச்சி எல்.சி.டி.யைக் கழற்றிவிட்டு எல்.சி.டி. வாங்கியிருக்கிறார்.

பெயர் மாற்றினால் என்ன, கெட்டா போச்சு என்பீர்கள். போர்ட் பிளேரையே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள், ஊர் அப்படியேதான் இருக்கிறது. அதற்காக யாரும் நகையை அடகு வைக்கவில்லையே.

ஆமாம், நகை. 2012. இங்கே முதல் முறை மாற்றலாகி வந்திருந்த சமயம். ராமநாதபுரத்துக்காரர், கொத்தனார் வேலை. நகைக்கடன் கவுன்டரில் மனைவியின் இரண்டு பவுன் செயினை வைத்தார். என்னத்துக்கு என்று கேட்டேன். "எல்.இ.டி. வாங்கணும் சார். வீட்ல எல்.சி.டி. இருக்கு, அது கண்ணுக்குக் கெடுதலாம், கடைல சொன்னாங்க." நான் கையெழுத்துப் போட்டேன். கடன் எதற்கு என்பது அவர் இஷ்டம், தங்கம் சுத்தமாக இருந்தது, விதிப்படி எல்லாம் சரி. ஒரு நிமிஷம் வாயைத் திறந்து "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்று சொல்லியிருக்கலாம். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். சொல்லவில்லை.

"வட்டியில்லாத் தவணை" என்ற பெயரும் இதே ரகம்தான். வட்டியை விலையிலோ பிராசசிங் கட்டணத்திலோ ஒளித்துவைத்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதுவது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிகளுக்கு அந்தத் திட்டங்களைத் தடை செய்தது. டிவிக்கு அப்படி ஒரு ரிசர்வ் வங்கி இல்லை.

மக்கள் விரும்பித்தான் எல்.சி.டி. வாங்கினார்கள், மார்க்கெட் தீர்ப்பு என்று என் சக ஆபீசர் ஒருவர் வாதம் செய்வார். நல்ல மார்க்கெட்! 2008-இல் எல்.ஜி. டிஸ்ப்ளே, ஷார்ப், சுங்வா மூன்று கம்பெனிகளும் கூடிப் பேசி எல்.சி.டி. பேனல் விலையை நிர்ணயித்ததாக அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 585 மில்லியன் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. 2012-இல் ஏ.யூ. ஆப்ட்ரானிக்ஸுக்கு 500 மில்லியன். பிளாஸ்மா தோற்றதற்கு வேறு நியாயமான காரணங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். எல்.சி.டி. தொழிற்சாலை லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் செல்போனுக்கும் திரை செய்து பிழைக்கும். பிளாஸ்மா தொழிற்சாலைக்குப் பெரிய டிவியை விட்டால் கதியில்லை. அறைகளை ஓரளவுக்கு மேல் சிறிதாக்குவதும் கஷ்டம். பானாசோனிக் 2013 டிசம்பரோடு உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்.ஜி.யும் 2014-இல்.

கரண்ட் செலவும் ஒத்துக்கொள்ள வேண்டிய குறைதான். என் பெட்டி இன்றைய எல்.சி.டி.யைவிட 170 வாட் அதிகம் இழுக்கிறது. நாலு மணி நேரம் என்று போட்டால் மாசம் 20 யூனிட். டீசலைக் கப்பலில் கொண்டுவந்து மின்சாரம் எடுக்கும் தீவில் இது சின்ன விஷயம் இல்லை. நெய்வேலி என்.எல்.சி. இங்கே 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது என்றாலும் ராத்திரி சீரியலுக்கு டீசல்தான் துணை. செய்திச் சேனலின் ஓடும் பட்டை என் திரையில் லேசாகப் படிந்தும் இருக்கிறது. சூடும் உண்டு. 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு 4கே படமெல்லாம் இங்கே வீட்டுக்குள் வருகிறது. 1024×768 புள்ளி உள்ள என் பெட்டி அதை மென்று துப்பத்தான் செய்யும். இந்தக் காரணங்களைச் சொல்லி யாராவது எல்.சி.டி. வாங்கினால் கும்பிட்டு ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் கடையில் இதையா சொன்னார்கள்? "பாருங்க சார், எது பளிச்சுனு இருக்கு?" என்றார்கள். கூரை முழுக்க விளக்கு எரியும் ஷோரூமில் எல்.சி.டி. பளிச்சென்றுதான் இருக்கும், பிளாஸ்மா மங்கித்தான் தெரியும். நம் வீடு ஷோரூமா? அதுவும் இந்தத் தீவில், நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், ஜூனில்கூட ஆறைத் தாண்டாது. நாம் டிவி பார்ப்பதெல்லாம் இருட்டின பிறகுதான். பிளாஸ்மாவுக்கென்றே படைத்த ஊர் இது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இப்போது ஓ.எல்.இ.டி. என்று வந்திருக்கிறதே, அது உண்மையிலேயே வேறு சாதி. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. "சுத்தக் கறுப்பு" என்று சொல்லிப் பெரிய சைஸை லட்ச ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். சின்னம் படியும் தொல்லையும் உண்டு. பிளாஸ்மாவில் இருந்தபோது வேண்டாத குணம், இங்கே லட்சம் பெறுகிறது!

என் பெட்டி மூன்று தடவை கடல் தாண்டியது. 2011-இல் வந்தது, 2014-இல் போனது, 2023-இல் என்னோடு மறுபடி வந்தது. பிளாஸ்மாவைப் படுக்கப்போடக் கூடாது, கண்ணாடி தாங்காது. மூன்று நாள் பயணத்திலும் நிற்கவைத்தே கட்டி, ஹடோ துறைமுகத்தில் கூலிக்காரரிடம் மன்றாடி இறக்கியிருக்கிறேன். என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள், பிள்ளையை இறக்கும்போதுகூட நான் அவ்வளவு பதறவில்லை என்று.

லீவில் சென்னை போய் டிவி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் என்ன என்று கேட்காதீர்கள், திரை என்ன என்று கேளுங்கள். "விவிட்" மோடை மாற்றச் சொல்லுங்கள். கடை டெமோ வீடியோவை நிறுத்திவிட்டு நீங்கள் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். 2010-இல் நான் கேட்டபோது அணைக்க முடியாது என்றுதான் சொன்னார்கள். கடைப்பையன் ஒருவன்தான் இரக்கப்பட்டு, காலி ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து திரைக்கு மேல் கூடாரம் மாதிரிப் பிடித்தான். அந்த நிழலுக்குள் தலையை விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.