மாலை வகுப்பு நடத்துவோருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும்? எமது நிலைப்பாடு

பாடசாலை பிற்பகல் 1.30க்கு விட்டுவிடுகிறது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா லயத்துக்குத் திரும்ப மாலையாகிவிடும். பசறை, லுணுகலை, ஹாலி-எல, மடுல்சீமைத் தோட்டங்களில் மாலை வகுப்புகளின் தேவை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அவற்றை நடத்துவோர் பெரும்பாலும் அதே தோட்டத்தில் சாதாரண தரமோ உயர்தரமோ படித்த இளம் பெண்கள். அவர்களுக்கென்று பயிற்சி வரும்போது, அது பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு மண்டபத்தில் நடக்கும் ஒருநாள் செயலமர்வாகவும் மாலையில் கையில் கொடுக்கும் சான்றிதழாகவும் முடிந்துவிடுகிறது. பயிற்சி குறுகியதாக இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அது தொடராமல் அறுந்துபோவதையே எதிர்க்கிறோம்.

குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் தமிழ்நாட்டின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைப் பார்க்க வேண்டும். கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2021 ஒக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் கற்பித்தார்கள். ஆரம்ப வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானதாக இருந்தது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வின்படி, பாடசாலைகள் திறந்து ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது. இதைக் காட்டி ஒருநாள் போதுமென வாதிடுவது தவறு. ஆசிரியர் பயிற்சியை நெடுங்காலம் ஆராய்ந்த புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும், மண்டபத்தில் கேட்டதும் பார்த்ததும் தாமாக வகுப்புக்குள் நுழைவது அரிது என்றும், திரும்பியபின் ஒருவர் உடனிருந்து வழிகாட்டினால்தான் அது பழக்கமாகிறது என்றும் காட்டினார்கள். தரம் 1 முதல் 9 வரையான பிள்ளைகளை ஒரே அறையில் வைத்திருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும். யாருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை, யாருக்குப் பந்தி வாசிக்க வரும் என்று பிரித்தறிவதை அவர் தன் பிள்ளைகளிடம் செய்துபார்த்து, தடுமாறிய இடத்தை அடுத்த அமர்வுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு அரைநாள் அமர்வுகளையும், ஒவ்வொன்றுக்கும் இடையில் வளவாளர் ஒரு முறை வகுப்புக்கு நேரில் வருவதையும் கேட்கிறோம். அனைத்தும் தமிழில் நடக்க வேண்டும். வருவோருக்கு அந்நாளுக்குரிய படி கிடைக்க வேண்டும். துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளையை எப்படிக் கேட்பது, சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு எப்போது அழைப்பது என்பதற்கு ஓர் அமர்வு முழுவதும் ஒதுக்கப்பட வேண்டும்.

செலவு கூடும் என்பார்கள். மலையில் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருவது எளிதல்ல என்பது உண்மை. அடுத்தடுத்த மூன்று நான்கு பிரிவுகளை ஒரு வளவாளரிடம் ஒப்படைத்து, மண்டப வாடகைக்கும் கோப்புகளுக்கும் போகும் பணத்தை அவரது பயணத்துக்குத் திருப்பினால் சுமையில் ஒரு பகுதி குறையும். மீதியைத் தோட்ட நிர்வாகங்களும் நன்கொடையாளர்களும் ஏற்கத்தான் வேண்டும். பயிற்றினால் கொழும்புக்குப் போய்விடுவார்கள் என்ற வாதம் எங்களுக்கு ஏற்புடையதல்ல. வளர வழியில்லாத வேலையை எவரும் விட்டுப்போகத்தான் செய்வார். வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி தேசிய தொழில் தகைமை முறையில் ஏற்கெனவே உண்டு; இந்த அமர்வுகளும் அதில் கணக்கிடப்பட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு ஆவன செய்ய வேண்டும். வகுப்பைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத செயலமர்வுகளுக்கு இனி எமது வளவாளர்களை அனுப்பமாட்டோம்.