மேய்ச்சலும் மேய்ப்பரும்



கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் ஆடு மேய்ப்போர், சோளக் கொல்லையைக் கண்டால் சற்றே நின்று பார்ப்பார்கள். மழை பொய்த்து, முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் நஞ்சுண்டு. அதை மேய்ந்த ஆடு மூச்சுத் திணறி விழுந்துவிடும். அதே சோளம் முற்றி விளைந்து, தட்டை காய்ந்துவிட்டாலோ கால்நடைகளுக்கு அதுவே தீவனம். பயிர் ஒன்றுதான், பருவம் வேறு.

நம்மில் ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரே என்றும், தத்தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி அவரவர் விசாரிக்கப்படுவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. பத்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கத் தக்க படம் எது என்று கேட்டு வரும் தாய்மார்களுக்கு, நான் முதலில் அந்தச் சோளக் கொல்லையைத்தான் நினைவூட்டுகிறேன்.

திரைப்படம் அறவே கூடாது என்று விலகி வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். அவ்வாதத்திற்குள் இன்று புகவில்லை. ஆனால் அத்தா வளைகுடா நாட்டிலும், அம்மா தீப்பெட்டி ஆபீசிலும் இருக்க, பள்ளி விட்டு வந்த பிள்ளை கைப்பேசியோடு தனித்திருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே படம் பார்க்கலாமா என்ற கேள்வி எழுமுன்பே படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். “ஹராம்” என்ற ஒற்றைச் சொல்லோடு என் கடமை முடிந்ததென்று எண்ணியிருந்தவன் நான். எட்டு ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு வயதான என் மகன் பல இரவுகள் உறங்காமல் புரண்டான். ஓதிப் பார்த்தேன், மருத்துவரிடமும் அழைத்துச் சென்றேன். ஒரு மாதம் கழித்துத்தான் உண்மை வெளிப்பட்டது. நண்பன் வீட்டில், கழுத்தறுக்கும் காட்சி கொண்ட படம் ஒன்றைப் பார்த்திருக்கிறான். “ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னால் படம் பார்த்தது தெரிந்துவிடுமே அத்தா” என்றான். அச்சத்தைப் போக்க வேண்டிய நானே அவன் அச்சத்திற்குக் காரணமாகியிருந்தேன். அதன் பின்னரே இவ்விஷயத்தை ஊன்றிக் கற்கலானேன்.

சட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் ‘யு/ஏ’ என்னும் வகை 1983-இல் சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டியவை அவை. ஐந்து வயதுப் பாலகனுக்கும் பதினொரு வயதுச் சிறுமிக்கும் ஒரே அளவுகோல்! 2023-இல் வந்த திருத்தம் அதை 7, 13, 16 என்று மூன்று படிகளாகப் பிரித்தது. பருவமடையாத பிள்ளைக்கு ஒரு விதி, பருவமடைந்த பிள்ளைக்கு வேறு விதி என வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதில்கூட வேறுபாடு காட்டும் அருள்மறையை (24:58, 59) ஓதும் நமக்கு இப்படிமுறை புதிதல்ல.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஏ’ சான்று பெற்ற படமென்றால் சிறுவரைத் திரையரங்கம் வாசலிலேயே தடுத்தாக வேண்டும். ‘யு/ஏ 16+’ என்ற படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையை அழைத்துச் சென்றால் தடுப்பாரில்லை. அந்த வயதுக் குறியீடு பெற்றோருக்கான அறிவுரை. அதை நிறைவேற்றும் உரிமை பெற்றோர், காப்பாளர் தவிர வேறெவருக்கும் இல்லையென்று சட்டமே சொல்லிவிட்டது. இணையவழித் தளங்களுக்கும் 2021-இன் விதிகள் இவ்வாறே வயது வகுத்து, 13+ முதல் பூட்டு வசதியும் தர வேண்டும் என்கின்றன. நம் வீடுகளில் அந்தப் பூட்டைப் போட்டுத் தருவதே பிள்ளைதான் என்பது வேறு கதை.

சான்றிதழுக்கு அகப்படாத நஞ்சும் உண்டு. இரத்தமில்லை, ஆபாசமில்லை, ‘குடும்பப் படம்’ என்கிறார்கள். பார்த்தால், கறுத்த மேனியும் பருத்த உடலும் திக்கும் நாவும் நகைப்புக்குரியவை. குடித்துவிட்டு மனைவியை அறைபவன் கதாநாயகனின் தோழன். வீடே சிரிக்கிறது. மறுநாள் பள்ளியில் உடன் பயிலும் ஒருவனுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. பிறரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் விலக்கிய 49:11-ஐ மனனம் செய்த பிள்ளைதான் அதைச் சூட்டுகிறான். கத்திக் குத்தைக் கண்டு முகம் திருப்பும் நாம், இதைக் கண்டு திருப்புவதில்லை.

எனவே முன்னதாக நீங்கள் ஒருமுறை பாருங்கள். இயலாதெனில் முதல் அரைமணி நேரமாவது பாருங்கள். ‘காக்கா முட்டை’ (2015) என்ற படத்தில் சென்னைக் குடிசைச் சிறுவர் இருவர் பீட்சா தின்ன ஏங்குகிறார்கள். கிடைத்தபின், ஆயா சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே பார்க்கும். சேரிப் பேச்சு வருமிடத்தில் நீங்கள் அருகிலிருந்தால் போதும். மேலூர் அரிட்டாபட்டிப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுக்கப்பட்ட ‘கூழாங்கல்’ (2021) அவ்வாறன்று. குடிகாரத் தகப்பனோடு வெயிலில் நடக்கும் சிறுவனின் கதை அது. நம் கரிசல் வெயிலை அறிந்த பதினான்கு வயது மகனுக்கு அதில் பாடமிருக்கிறது. அவன் தம்பிக்கு அது இளஞ்சோளம்.

பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி வீசி விளையாடினர். இளவயதினரான அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்தவாறு நின்று, அன்னையார் தாமே போதுமென்று விலகும் வரை உடனிருந்தார்கள். புகாரியில் இதைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். அனுமதித்தார்கள் என்பதை விளக்கினேனே அன்றி, உடன் நின்றார்கள் என்பதை நெடுங்காலம் கவனிக்கவில்லை.

சென்ற விடுமுறையில் என் இளைய மகளோடு ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என்னும் ஈரானியப் படத்தைப் பார்த்தேன். மஜீத் மஜீதி 1997-இல் எடுத்தது. தமிழில் ‘அக்கா குருவி’ (2022) என்று மீண்டும் எடுக்கப்பட்டதும் இதுவே. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் ஒரே சோடியை அவளுடன் மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்கிறான். அதில் ஒரு காட்சி: ஏழைத் தகப்பன் பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொணர்கிறாள். சர்க்கரை கேட்கிறார். எதிரிலேயே குவிந்திருக்கிறதே என்கிறாள். அது பள்ளிவாசலுடையது என்று சொல்லிவிடுகிறார் தகப்பன்.

பதினொரு வயதான என் மகள் அங்கே படத்தை நிறுத்திவிட்டு, “அத்தா, ஒரே ஒரு துண்டு எடுத்தால் என்னவாம்?” என்று கேட்டாள். அமானிதத்தைப் பற்றி முப்பதாண்டுகளாக மிம்பரில் பேசியவனுக்கு, அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இஷா பாங்கு வரை ஆயிற்று. மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம்.