சாம்பலை அளக்கும் கருவி

ஒளிமானி வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று மாணவர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. தமிழ் கற்பிப்பவரிடம் இக்கேள்வி ஏன் வருகிறது என நண்பர்கள் வியக்கலாம். கழுத்தில் பழைய ஒளிமானி ஒன்றைத் தொங்கவிட்டபடி நாம் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திரிவதை அவர்கள் பார்த்துவிட்டதன் விளைவு அது. (ஒளிமானி நல்ல சொல்தான்; ஆனால் கடையில் லைட் மீட்டர் என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.)

பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளப்பது ஒரு வகை. பொருளின்மீது விழும் ஒளியை அளப்பது மற்றொரு வகை. கேமராவுக்குள் இருப்பது முதல் வகை. தன்முன் நிற்பது எதுவாயினும், அது நடுத்தரச் சாம்பல் நிறமென்றே அது நம்பும். ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் அட்டையை இதற்கு உவமை சொல்வார்கள். இரண்டாம் வகையில் வெள்ளைக் குமிழ் ஒன்றிருக்கும். படம்பிடிக்கப்படுபவரின் அருகே சென்று, குமிழைக் கேமராப் பக்கம் திருப்பி அளக்க வேண்டும்.

எண்ணூரில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. நம் மொழியில் நிறத்தின் பெயரும் அந்தப் பொருளின் பெயரும் ஒன்றே. ஆயினும் உச்சிவெயிலில் அந்தச் சாம்பல் 'சாம்பல் நிறமாக' இருப்பதில்லை, கண்கூசும் வெளிறல். கேமரா அதை நடுநிறமாக்க முனைந்து ஒளியைக் குறைக்கிறது. முன்னால் நிற்பவரின் கரிய முகம் மேலும் இருண்டு போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இறால் பிடித்துக் கரையேறிய ஓர் அம்மாளை அவ்வாறுதான் எடுத்தோம். படத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இன்னா சார், மூஞ்சியே காணோம்?" என்றார். சாம்பல் மட்டும் வெகு நேர்த்தியாக விழுந்திருந்தது. அதன் பிறகே குமிழ் ஒளிமானியைத் தேடிச் சென்றோம்.

எண்ணெய் விஷயத்தில் பிழை தலைகீழாகும். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் பரவியது. அந்தக் கரும்பிசினை அருகில் எடுத்தால், கேமரா தேவைக்கு மேல் ஒளியை அனுமதித்து அதைச் சாம்பல் நிறச் சேறாக்கிவிடும். இத்தகைய படங்கள் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல, நடந்ததற்குச் சாட்சி. கறுப்பு கறுப்பாக இல்லாவிட்டால் அந்தச் சாட்சி பிறழ்கிறது.

கருவி நடுநிலையானது என்பார்க்கு ஒன்று நினைவூட்டலாம். வண்ண அச்சுக் கூடங்கள் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக் நிறுவனத்தின் 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவை வெள்ளைப் பெண்களின் முகங்களே. விழும் ஒளியை அளக்கும் மானியோ ஆளின் நிறத்தை விசாரிப்பதில்லை. நாம் முதலில் அதையே பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். அதோடு, அளப்பதற்கேனும் அவரருகே நடந்து சென்று இரண்டு சொல் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு பாகைக் கோணத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரின்மேல் இளைஞர்க்கு மோகம் அதிகம். ஆற்றின் நடுவே படகில் இருப்பவரிடம் குமிழோடு போக முடியாதே என்று வாதிடுவார்கள். அவர்மீதும் நம்மீதும் ஒரே வெயில் விழுமாயின் கரையிலேயே அளந்துகொள்ளலாம். அவர் பாலத்தின் நிழலில் இருந்தால்தான் ஸ்பாட் மீட்டர் தேவை. அப்போதும் அளந்த இடம் நடுநிறத்தைவிட எவ்வளவு கருமை, எவ்வளவு வெண்மை என்று நாமே கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு பழகாதவர் கையில் அது விலையுயர்ந்த குழப்பம்.

நெய்தலுக்கு எற்பாட்டைப் பொழுதாக வகுத்தது தொல்காப்பியம். இன்று எற்பாட்டில் எண்ணூர் செல்வோர் சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்பி, புகைபோக்கிகளுக்கு முன்னால் மீனவரைக் கருநிழலாக்கிப் பரிசுக்கு அனுப்புகிறார்கள். ஒரு படம் சரி. ஊரே முகமற்றுப் போவதை நம்மால் கலையென்று ஏற்க இயலவில்லை.

சலனப்படம் எடுப்பவர் கருவியில் நொடிக்கு 24 சட்டகம் என்ற அளவு உண்டா என்று பார்க்க வேண்டும். 180 பாகை ஷட்டரில் அது 1/48 நொடி. ஒளிப்படத்துக்கான பழைய மானியில் 1/50 என்று வைத்தாலும் பாதகமில்லை. டிஜிட்டலில் திரையைப் பார்த்தே எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். எனினும் காலையில் எடுத்த முகத்தோடு மாலை மூன்று மணி முகம் பொருந்த வேண்டுமெனில், குறித்துவைத்த எண்களே கைகொடுக்கும்.

பழையது வாங்குவோர்க்கு: செலினியம் வகைக்கு பேட்டரி வேண்டாம், ஆனால் வயதாக ஆகச் சோர்ந்துபோகும். காட்மியம் சல்பைடு வகையில் பல, இப்போது கிடைக்காத பாதரச பேட்டரியைக் கேட்கும். நல்ல மானி ஒன்றை இரவல் வாங்கிச் சென்று, வெயிலிலும் நிழலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இரண்டிடத்திலும் ஒரே அளவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். நம்முடையதன் முதுகில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, 'அரை ஸ்டாப் கூட்டு' என்று எழுதி வைத்திருக்கிறோம்.