பிளக்கில் ஆயில் எந்தப் பக்கம்?

"இன்ஜினை இறக்கித்தான் வேலை பார்க்கணும்." கராஜில் இதைக் கேட்டதும், ஊருக்குப் போக எடுத்துவைத்த தினார் கண்முன்னே கரையும். குதைபியாவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இது தெரியும். தலையாட்டும் முன் கேளுங்க: பிளக்கில் ஆயில் எந்தப் பக்கம்?

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் உட்காரும் குழியில் ஆயில் தேங்கியிருந்தால், முதலில் அதைத் துடைத்தெடுக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் கழற்றும்போது நுனியிலும் வழிந்து, நோயே மாறித் தெரியும்.

மேலே, வெள்ளைப் பீங்கானில் மட்டும் ஆயிலா? பெரும்பாலும் வால்வு கவர் கேஸ்கெட் அல்லது பிளக் குழாய் சீல் கசிவுதான். சூட்டில் ரப்பர் இறுகிவிடும். அதை மாற்றினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டாம்.

பொறி பறக்கும் நுனியே பிசுபிசுன்னு நனைந்திருந்தால் ஆயில் உள்ளே எரியுது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். நீலப் புகை வருதா, ஆயில் குறையுதான்னு பாருங்க. கம்ப்ரெஷன் டெஸ்ட் முடிந்த பிறகு பேரம் பேசுங்க. காய்ந்த கறுப்புக் கரி என்றால் ஆயில் இல்லை, பெட்ரோல் கூடுதலாகப் போகுது.

பார்க்கும்போது டார்ச்சைப் பிள்ளை கையில் கொடுங்க. கேள்வி கேட்டுப் பணம் கொடுப்பதை அவங்களும் பார்க்கட்டும்.